சாட்டியா, நெடுந்தீவா

கடலுக்கு நடுவில் பிறந்து வளர்ந்த எங்களைக் கடற்கரைக்கு விடுமுறை போவோம் என்று கூப்பிட்ட மனிதர் என் அத்தான் ஒருவர்தான். அக்காவின் கணவர். கொழும்பில் ஒரு கந்தோரில் லிகிதர் வேலை. ஒவ்வொரு ஆவணிக்கும் அக்காவையும் இரண்டு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு எங்கள் ஊர் கரம்பொனுக்கு வருவார். வந்தால் மூக்குமுட்டச் சாப்பிடுவார், நித்திரை கொள்வார், எழும்பி இருந்து ஊரில் ஒரு மண்ணும் இல்லை என்பார். எழுபதுகளின் நடுவில் ஒரு ஆவணியில், பளபளவென்ற தாளில் அச்சடித்த புத்தகம் ஒன்றோடு வந்து இறங்கினார். தென்பகுதிக் கடற்கரை ஹோட்டல்களின் படங்கள். மணலில் வெள்ளைக்காரிகள் குப்புறப் படுத்துக் கிடந்தார்கள்.

அம்மா புத்தகத்தை வாங்கி எட்டப் பிடித்துப் பார்த்தார்.

"இதுகளுக்கு என்ன வருத்தம்?"

"வருத்தமில்லை மாமி. விடுமுறைக்கு வந்து வெயில் காயினம்."

"கருவாடு மாதிரிக் காயிறதுக்கும் காசு குடுக்கினமோ? நல்ல விசர்."

அத்தான் விடவில்லை. வெள்ளைக்காரன் பிளேன் ஏறி வந்து தேடுகிற கடல் எங்களுக்கு வீட்டுப் பின்கோடிக்குள் கிடக்கிறது, நாங்கள் அதில் கால்கூட நனைப்பதில்லை என்றார். ஐந்து நாள் எல்லோரும் ஒரு கடற்கரை வீட்டில் போய் நிற்போம், சமைப்போம், குளிப்போம் என்றார். பிள்ளைகள் துள்ளின. அக்கா என்னைப் பார்த்தாள். நான் அம்மாவைப் பார்த்தேன்.

எங்கள் வீட்டை நாங்கள் ஒருநாளும் பூட்டியதில்லை. இதைச் சொல்லாமல் மேற்கொண்டு போக ஏலாது. எனக்குப் பன்னிரண்டு வயதாக இருந்தபோது அப்பா நெடுந்தீவுக்கு நெய் எடுக்கப் போனார். அங்கே மாடுகள் அதிகம். நெய்யை வாங்கி வந்து ஊர்காவற்றுறையில் விற்பதுதான் அவருடைய தொழில். உயரமான மனிதர், நெற்றியில் ஒரு தழும்பு. திரும்பி வரும்போது தென்மேற்கிலிருந்து அடிக்கிற சோழகக் காற்றில் வள்ளம் கவிழ்ந்தது. வள்ளத்தில் மூன்று பேர். இரண்டு பேரின் உடல்கள் கரை ஒதுங்கின. அப்பா ஒதுங்கவில்லை.

உடல் கிடைக்காவிட்டால் தர்ப்பைப் புல்லால் ஆள் மாதிரி ஒன்று கட்டி, அதற்குக் கொள்ளி வைத்துக் காரியங்களை முடிப்பது எங்கள் ஆட்களின் வழக்கம். இரண்டு மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டுச் சொந்தக்காரர் ஐயரையும் கூட்டிக்கொண்டு வந்தார்கள். அம்மா வாசலில் நின்று கத்தியது இப்போதும் காதுக்குள் கிடக்கிறது. "புல்லுக்குக் கொள்ளி வைச்சுப்போட்டு என்னைப் பொட்டை அழிக்கச் சொல்லுறியளோ? போங்கோ வெளியாலை!" போனவர்கள் திரும்ப வரவில்லை. அம்மாவின் நெற்றியில் பொட்டு இருந்தது. பிறகு யாரோ அப்பாவை இராமேசுவரத்தில் தாடியோடு கண்டதாகச் சொன்னார்கள். இன்னொருவர் மன்னாரில் கண்டாராம். சொன்னவர்கள் சொல்லிவிட்டுத் தங்கள் பாட்டில் போய்விட்டார்கள். அம்மாவுக்கு அது பதினாறு வருடத்துக்குப் போதுமானதாக இருந்தது.

"அவர் வாற நேரம் வீடு பூட்டிக் கிடக்கப்படாது." எங்கள் வீட்டுச் சட்டம் அது ஒன்றுதான். அம்மா கோயிலுக்குப் போனால் நான் வீட்டில். நான் பள்ளிக்கூடம் போனால் அம்மா வீட்டில். அக்காவுக்குக் கொழும்பில் பிள்ளை பிறந்தபோதும் அம்மா போகவில்லை. அக்கா கலியாணம் கட்டித் தப்பிவிட்டாள். காவலுக்கு மிஞ்சியது நான். இரண்டு சம்பந்தங்கள் வெளியூர் என்பதாலேயே தட்டிப் போயின. நான் நம்பினேனா என்று கேட்காதீர்கள். அப்பா செத்துப்போனார் என்று பன்னிரண்டு வயதிலேயே எனக்குத் தெரியும். இரவில் கூரையில் பனையோலை சரசரத்தாலும் அம்மா எழும்பி வாசல் படலைக்குப் போவார். நான் பாயில் கிடந்தபடி பல்லைக் கடிப்பேன்.

அந்த ஆவணியில் எனக்கு ஒரு கடிதம் வந்திருந்தது. நான் அப்போது பயிற்சி இல்லாத ஆசிரியை. தை மாதம் மலைநாட்டுப் பக்கம் ஒரு பயிற்சிக் கல்லூரியில் வந்து சேரச் சொல்லி எழுதியிருந்தார்கள். இரண்டு வருடம், விடுதியில் தங்கிப் படிக்க வேண்டும். கடிதத்தை அலுமாரிக்குள் சேலை மடிப்பில் வைத்திருந்தேன். அக்காவுக்கு மட்டும் சொன்னேன். அம்மாவைக் கொழும்புக்குக் கூட்டிப் போய் வைத்திருக்கத் தயார் என்றாள் அவள். ஆனால் அம்மா வீட்டைப் பூட்ட வேண்டுமே. ஐந்து நாள் பூட்ட வைத்தால் இரண்டு வருடமும் பூட்ட வைக்கலாம் என்று நான் கணக்குப் போட்டேன். அத்தானுக்கு அது விடுமுறை. எனக்கு அது பரீட்சை.

எந்தக் கடற்கரை என்பதில் இரண்டு நாள் இழுபறி. அத்தானுடைய பட்டியலில் முதலாவது சாட்டி. எங்கள் தீவிலேயே, வேலணைப் பக்கம், வீட்டிலிருந்து நாலு கட்டைத் தூரம். நல்ல மணல், முழங்கால் அளவு தண்ணீர், பிள்ளைகளுக்குப் பயமில்லை. இரண்டாவது நெடுந்தீவு. அவரோடு வேலை செய்கிறவரின் தமையனுடைய வீடு அங்கே சும்மா கிடந்தது. வாசற்படியில் இருந்தால் கடல், வளவைச் சுற்றிக் கல்வேலி, வெளியில் மட்டக்குதிரைகள் மேயும் என்றார். அம்மா எந்தப் பட்டியலும் கேட்கவில்லை.

"நீங்கள் போட்டு வாங்கோ தம்பி. நானும் இவளும் நிக்கிறம்."

இவளும்! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "நான் போறன்" என்றேன்.

அம்மா என்னை நிமிர்ந்து பார்த்தார். "அப்ப நான் தனிய நிக்கிறன்."

"நீங்கள் நிக்கேலாது. போன மாதம் கிணத்தடியிலை தலை சுத்தி விழுந்தனீங்கள். மறந்துபோச்சோ?"

அன்று முழுக்க அம்மா வேண்டுமென்றே கிணற்றடிக்கும் குசினிக்குமாக நடந்து தண்ணீர் அள்ளினார். அடுத்தநாள் காலை தேத்தண்ணியோடு வந்து, நயினாதீவு என்றால் வருவேன் என்றார். அம்மன் கோயில் மடத்தில் தங்கலாம், பிள்ளைகளுக்கும் நல்லது என்றார். அத்தானுக்கு முகம் விழுந்துவிட்டது. "மீன் மச்சம் தின்னேலாத இடத்துக்கு விடுமுறையோ மாமி? அது விரதமெல்லோ!" எல்லோரும் சிரித்தோம். அம்மாவும் கொஞ்சம் சிரித்தார். பிறகு, "சரி, சாட்டிக்குப் போவம்" என்றார். "அவசரமெண்டால் ஆரையும் சைக்கிளிலை அனுப்பினால் அரைமணித்தியாலத்திலை வந்திடலாம்."

என்ன அவசரம் என்று ஒருவரும் கேட்கவில்லை. அது எல்லோருக்கும் தெரியும்.

அத்தானுக்குச் சாட்டி போதும். அக்காவுக்கும் போதும். நான்தான் விடவில்லை. சாட்டி என்றால் அம்மா முதல்நாள் பின்னேரமே கோழி அடைக்கிற சாட்டில் நடந்து வீட்டுக்கு வந்துவிடுவார். என் பரீட்சை அத்தோடு சரி. நடுவில் கடல் இருக்க வேண்டும், லோஞ்ச் படகு வரும்வரை திரும்ப ஏலாத இடமாக இருக்க வேண்டும். நான் நெடுந்தீவு என்றேன்.

"அந்தக் கடலைத் தாண்டியோ?" என்றார் அம்மா.

அப்போது நான் கேட்டதை அப்படியே சொல்கிறேன். "ஏனம்மா, அந்தக் கடல் எங்களுக்கு என்ன செய்தது? அப்பாவை அது கொண்டுபோகேல்லைத்தானே?"

குசினிக்குள் அக்கா கையில் இருந்த சட்டியை வைத்துவிட்டாள்.  செய்தது என்றால் அம்மா பொட்டை அழிக்க வேண்டும். செய்யவில்லை என்றால் லோஞ்சில் ஏற வேண்டும். அதைத் தெரிந்துதான் நான் கேட்டேன்.

"இல்லை" என்றார் கடைசியில். "அது எங்களுக்கு ஒண்டும் செய்யேல்லை."

"அப்ப என்ன பயம்?"

"பயமில்லை. போவம்."

புறப்படுகிற அன்று, திங்கட்கிழமை காலை, பெட்டிகளை எல்லாம் படலையடியில் கொண்டுபோய் வைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தால் அம்மாவைக் காணவில்லை. போய்ப் பார்த்தேன். என் பள்ளிக்கூடப் பையிலிருந்து வெண்கட்டி எடுத்துக் கதவில் எழுதிக்கொண்டிருந்தார். ஐந்தாம் வகுப்புப் படித்த கை. பெரிய பெரிய எழுத்து. 'நெடுந்தீவுக்குப் போறம். வெள்ளிக்கிழமை பின்னேரம் வருவம். பக்கத்து வளவிலை சோறு தருவா, வாங்கிச் சாப்பிடுங்கோ. போயிட வேண்டாம்.'

எனக்கு வெட்கமாக இருந்தது. ஊர் முழுக்க வாசிக்கப் போகிறதே என்று எரிச்சலாகவும் இருந்தது. அழிக்கக் கையைத் தூக்கினேன். அத்தான் என் கையைப் பிடித்து, "விடும் மச்சாள்" என்றார். என்னேரமும் பகிடி விடுகிற மனிதர் அன்று முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டார். வீடு பூட்டப்பட்டது. பூட்டுக்குள் பதினாறு வருடத் துரு, திறப்பு சுற்ற மாட்டேன் என்றது. தேங்காயெண்ணெய் விட்டுச் சுற்றினோம்.

குறிகட்டுவான் துறையில் லோஞ்ச் ஏறினோம். சோழகம் ஓயவில்லை. லோஞ்ச் ஏறி விழுந்தது, பிள்ளைகள் சத்தி எடுத்தன. அம்மா நடுப் பலகையில் கண்ணை மூடாமல் இருந்தார். எங்கே, எந்த இடத்தில் என்று அவர் தேடவில்லை. நான்தான் தேடினேன். ஒவ்வொரு அலைக்கும் இதுவா, இதுவா என்று என் மனம் கேட்டது. நான் நம்பாதவள், நான் கெட்டிக்காரி.

நெடுந்தீவு அத்தான் சொன்னபடியே இருந்தது. கல்வேலி, வெள்ளை மணல், காற்றில் தலையைத் தாழ்த்திக்கொண்டு நிற்கும் குதிரைகள். முதல்நாள் நாங்கள் உடுத்த உடுப்போடு இறங்கிக் குளித்தோம். நானும் அக்காவும் சின்னப்பிள்ளைகள் மாதிரிக் கூத்தடித்தோம். உப்புத் தண்ணீர் வாய்க்குள் போனபோது திடீரென்று ஒரு நினைப்பு வந்தது. அப்பா இருக்கிற தண்ணீர் இது. உடம்பு கூசியது. ஆனாலும் வெளியில் வரவில்லை. கழுத்தளவுத் தண்ணீர்வரை போனேன். என் கணுக்காலை ஏதோ தொட்டது. பாசியாகத்தான் இருக்கும். நான் அசையாமல் நின்றேன், அது விலகும்வரை. பயமில்லை. அழுகைதான் வந்தது. கடலுக்குள் நின்று அழுதால் ஒருவருக்கும் தெரியாது.

அம்மா குளிக்கவில்லை. இரண்டாம் நாளிலிருந்து காலையில் சேலையை உடுத்திக்கொண்டு வெளிக்கிட்டுவிடுவார். ஊர் பார்க்கப் போகிறார் என்று நாங்கள் சந்தோசப்பட்டோம். மூன்றாம் நாள் சந்தைப்பக்கம் போன அத்தான் வந்து என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். அம்மா கடைகடையாய், வள்ளம் கட்டுகிற இடமெல்லாம் போய், நெற்றியில் தழும்புள்ள ஊர்காவற்றுறைப் பக்கத்து ஆள் ஒருவர் இந்தத் தீவில் யாரோடாவது இருக்கிறாரா என்று கேட்டுத் திரிகிறாராம். பின்னேரம் அம்மா இளைத்துக் களைத்து வந்தார். சோற்றைப் போட்டுக் கொடுத்தேன். எப்படியும் வீடு பூட்டித்தான் கிடக்கிறது, தேடினால் தேடட்டும் என்று மனதுக்குள் ஒரு கொடுமைக்காரி சொன்னாள்.

வெள்ளிக்கிழமை பின்னேரம் வந்து சேர்ந்தோம். அம்மாதான் முதலில் படலையைத் திறந்து உள்ளே போனார். போனவர் முற்றத்தில் அப்படியே நின்றுவிட்டார். கதவில் எழுத்து இல்லை. மழை பெய்து கரைந்த மாதிரியும் இல்லை. ஈரத்துணியால் துடைத்த மாதிரித் துப்புரவாக இருந்தது. முற்றம் கூட்டியிருந்தது.

"வந்திருக்கிறார்" என்றார் அம்மா.

அத்தான் காற்று என்றார். அக்கா ஆடு நக்கியிருக்கும் என்றாள். அம்மா குனிந்து மணலில் காலடி தேடினார். கூட்டிய மண்ணில் என்ன இருக்கும்? அப்படியே முற்றத்தில் இருந்துவிட்டார். "சாட்டிக்குப் போயிருந்தால் ஆள் அனுப்பியிருப்பினம்" என்றார். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. பார்க்காமல் சொன்னதுதான் சுட்டது.

உண்மை எனக்கு அடுத்தநாளே தெரிந்துவிட்டது. பக்கத்து வளவுக்காரி, ஒரு மீன்பிடிக்காரரின் மனைவி, கத்தோலிக்க வேதக்காரி, நல்ல மனுசி, கிணற்றடியில் வந்து என் கையைப் பிடித்தாள். நாங்கள் போன மறுநாள் மாடு பார்க்க வந்த அந்நியர் இரண்டு பேர் எங்கள் கதவை நின்று வாசித்தார்களாம். "வெள்ளிக்கிழமை வரைக்கும் ஆளில்லையெண்டு எழுதி வைச்சிருக்கு. கள்ளனுக்குக் கடுதாசி போட்ட மாதிரியெல்லோ பிள்ளை! பயந்துபோய்த் துடைச்சுப்போட்டன். முத்தத்தையும் கூட்டி விட்டன், ஆக்கள் இருக்கிற மாதிரித் தெரியட்டுமெண்டு. அம்மாவுக்குச் சொல்லிப்போடாதையும், கோவிப்பா."

சொல்ல மாட்டேன் என்று சொன்னேன். எவ்வளவு பெரிய மடைச்சி நான். அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும்.

அத்தானும் அக்காவும் கொழும்புக்குத் திரும்பினார்கள். புரட்டாதி போனது, ஐப்பசி போனது. கல்லூரிக்குப் பதில் எழுத வேண்டிய நாள் நெருங்கியது. கடிதத்தை எடுத்து அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். அம்மா முழுவதும் கேட்டார்.

"நீ போ பிள்ளை. நான் வரேல்லை. வந்து பூட்டைப் பார்த்திட்டுப் போன மனிசன். இன்னொருக்காலும் பூட்டுறதோ?"

"தனிய எப்பிடி அம்மா இருப்பியள்?"

"அவர் வருவார்."

அப்போது எனக்கு வெறி பிடித்தது. ஒருவரும் வரவில்லை, துடைத்தது பக்கத்து வளவு மாமி என்று கத்தினேன். அம்மா நம்பவில்லை. "வாங்கோ கேப்பம்" என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வேலிப் பொட்டுக்குள்ளால் நுழைந்து அவர்கள் வளவுக்குள் போனேன். அவள் மீன் வெட்டிக்கொண்டிருந்தாள். எங்களைக் கண்டதும் எழும்பினாள்.

"மாமி, அண்டைக்கு எங்கடை கதவைத் துடைச்சது ஆர்? அம்மாவுக்குச் சொல்லுங்கோ."

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு அம்மாவைப் பார்த்தாள். நானும் அப்போதுதான் அம்மாவின் முகத்தைத் திரும்பிப் பார்த்தேன். அப்படி ஒரு முகத்தை நான் அதற்குப் பிறகு ஒருவரிலும் கண்டதில்லை. தூக்குத்தண்டனை கேட்க நிற்கிறவர்கள் அப்படித்தான் நிற்பார்கள்போலும்.

அவள் கையைச் சேலையில் துடைத்தாள். "ஓம் அக்கா" என்றாள். "ஒருத்தர் வந்தவர்."

அம்மா என் பிடியிலிருந்து கையை விடுவித்துக்கொண்டார்.

"உயரமான ஆளோ?"

"ஓம். உயரம்."

"நெத்தியிலை?"

"தழும்பு மாதிரி ஒண்டு கிடந்தது அக்கா. கதவை வாசிச்சவர். வாசிச்சுப்போட்டுத் தானே துடைச்சவர்."

அம்மா ஒரு எட்டு முன்னால் போனார். "சோறு குடுத்தனீரோ?"

"குடுத்தனான் அக்கா. வடிவாச் சாப்பிட்டவர்."

அம்மா சிரித்தார். பதினாறு வருடத்தில் அம்மா பல் தெரியச் சிரித்தது அன்றுதான். அந்தச் சிரிப்புக்கு முன்னால் நின்றுகொண்டு பொய் என்று சொல்ல எனக்கும் வாய் வரவில்லை. சொல்லியிருந்தாலும் யார் கேட்டிருப்பார்கள்?

பிறகு கிணற்றடியில் அவளைப் பிடித்தேன். ஏச வேண்டிய ஏச்செல்லாம் ஏசினேன். அவள் அழுதுகொண்டே கேட்டாள். "அந்த முகத்தைப் பார்த்து இல்லையெண்டு சொல்ல எனக்கு ஏலாமப்போச்சுது பிள்ளை." வேதக்கோயிலில் போய் அந்தப் பொய்யைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்ததாகவும், சுவாமியார் ஒரு கிழமைக்குச் செபம் சொல்லச் சொன்னதாகவும் சொன்னாள். அவளுக்கு ஒரு கிழமை. கல்லூரிக்கு நான் வர ஏலாது என்று எழுதிப் போட்டேன். அடுத்த வருடம் கேட்டும் பார்க்கவில்லை.

அம்மா அதற்குப் பிறகு ஆறு வருடம் இருந்தார். நல்ல சந்தோசமாக இருந்தார், அதையும் சொல்ல வேண்டும். வந்தவர் திரும்ப வருவார் என்று வீட்டுக்குச் சுண்ணாம்பு அடிப்பித்தார், வேலி அடைப்பித்தார். சமைக்கும்போது பாட்டுக்கூட முணுமுணுத்தார். இடைக்கிடை மட்டும், சோற்றைப் பிசையும்போதோ கோழிக்குத் தவிடு வைக்கும்போதோ, "சாட்டிக்குப் போயிருக்கலாம் பிள்ளை" என்பார். கோபம் இல்லாமல்தான் சொல்வார். 

பொட்டோடுதான் அவரை எரித்தோம்.  எட்டாம்நாள் படையல், எட்டுச் செலவு, முடிந்ததும் அத்தான், "இனி என்ன மச்சாள், வீட்டைப் பூட்டிப்போட்டு எங்களோடை வாரும்" என்றார். வருகிறேன் என்றேன். தோட்டத்தை யாருக்காவது குத்தகைக்குக் கொடுத்துவிட்டு வருகிறேன், தவணை முடிய வருகிறேன், தைப்பொங்கலுக்குப் பிறகு வருகிறேன். அக்கா கடிதம் எழுதிக் களைத்துவிட்டாள்.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் படலையில் யாரோ கூப்பிட்டுக் கேட்டது. போனேன். வயதான மனிதர் ஒருவர். நாரந்தனைக்குப் போக வந்தவராம், பஸ் வரவில்லை, நடந்து நாக்கு வறண்டுவிட்டது, கொஞ்சம் தண்ணீர் வேண்டும் என்றார். செம்பில் தண்ணீர் கொடுத்தேன். அண்ணாந்து குடித்தார். உயரம். எழுபது வயதுக்கு மேல் இருக்கும். தலையில் துண்டு கட்டியிருந்தார், நெற்றி தெரியவில்லை.

எனக்கு என்ன நடந்தது என்று இன்றைக்கும் விளங்கவில்லை. "ஐயா, அந்தத் துண்டை ஒருக்கால் கழட்டுவியளோ?" என்று கேட்டுவிட்டேன்.

அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். ஆனாலும் மெல்லக் கழற்றினார். வெறும் நெற்றி. வியர்வை மட்டும். நான் படலைத் தடியைப் பிடித்துக்கொண்டேன்.

செம்பைத் திருப்பித் தந்தார். "பிள்ளை ஆரையோ வழி பாத்துக்கொண்டு இருக்கிறீர் போலை" என்றார்.

இல்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

"ஓம்" என்றேன்.